தரையில் நேரும் விமான விபத்துக்கள்: ஒரு வரலாற்று நோக்கு

வானூர்தியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வானத்தை நோக்கியே எழுதுவர். முதலிற் பறந்தவர் யார், எவ்வளவு உயரம் பறந்தார், எந்தக் கடலை எத்தனை மணி நேரத்திற் கடந்தார் என்பனவே ஏடுகளில் இடம்பெறுகின்றன. விபத்துக்களைப் பற்றிப் பேசுங்காலும் வானிலிருந்து வீழ்ந்த விமானங்களே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் தனியார் வைத்திருக்கும் சிறு விமானமொன்று தன் வாழ்நாளின் மிகப் பெரும் பகுதியைத் தரையிலேயே கழிக்கின்றது. கொட்டிலிலிருந்து அது தள்ளிக்கொண்டு வரப்படுகின்றது. அதன் எஞ்சின் முடுக்கப்படுகின்றது. ஆட்கள் ஏறுகின்றனர், இறங்குகின்றனர். பின்னர் அது ஓடுபாதை வரை ஊர்ந்து செல்கின்றது. இவ்வேளைகளில் நேர்ந்த விபத்துக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பொறிகளின் வரலாறு மாத்திரமன்று. ஒருவர் கூறியதை மற்றவர் எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதன் வரலாறுமாகும்.

முதல் நாளும் முதற் சேதமும்

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கடற்கரையில் றைற் சகோதரர் இருவரும் நான்கு முறை பறந்தனர். நான்காம் முறை மூத்தவராகிய வில்பர் 852 அடி தூரத்தை 59 விநாடியிற் கடந்தார். இறங்கும்போது விமானத்தின் முற்பகுதி சிறிது உடைந்ததேயன்றி, ஆளுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. பின்பு அவ்விமானத்தைத் தூக்கிவந்து தங்கள் முகாமின் அருகில் வைத்துவிட்டு, அங்கு கூடியிருந்தோர் அன்றைய வெற்றியைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றனர். அவ்வேளையிற் பலத்த காற்று ஒன்று திடீரென வீசி விமானத்தைப் புரட்டியது. கடலுயிர்காப்பு நிலையத்தைச் சேர்ந்த ஜோன் டானியல்ஸ் என்பவர் அதனைத் தடுக்கும் பொருட்டு ஒரு தூணைப் பற்றினார். காற்று அவரையும் விமானத்தோடு சேர்த்து உருட்டிச் சென்றது. கம்பிகளுக்கும் மரச்சட்டங்களுக்கும் இடையிற் சிக்கிய அவர் சிராய்ப்புக்களோடு தப்பினார். விமானமோ மீண்டும் பறக்க இயலாதவாறு சிதைந்தது.

அன்று காலையில் முதற் பறத்தலின் புகழ்பெற்ற நிழற்படத்தை எடுத்தவரும் இந்த டானியல்ஸே. வானிற் சென்று மீண்ட விமானம், நிலத்திற் சும்மா நின்றபோது அழிந்தது. பறந்தவர் தப்பினார்; பார்த்து நின்றவர் காயமடைந்தார். பின்வந்த நூறாண்டுகளிலும் தரையில் நேர்ந்த விபத்துக்களின் பொது இயல்பு இந்த முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிட்டது. "விமானம் நின்றுவிட்டது, இனி அபாயம் இல்லை" என்னும் எண்ணம் தோன்றும் வேளையே அபாயமான வேளையாக இருந்தது.

ஆறாண்டுகளின் பின், 1909ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி, பிரான்சில் பூலோன் நகரின் அருகே பேர்பெர் என்னும் படைத்தலைவர் உயிரிழந்தார். அவர் பிரெஞ்சு வானூர்தி முன்னோடிகளுள் ஒருவர். சறுக்கு விமானங்களைக் கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தவர். வானின் அபாயங்களை அவ்வளவு நன்கு அறிந்திருந்தவரின் உயிரைக் கவர்ந்தது தரையிலிருந்த ஒரு பள்ளம். அவருடைய விமானம் நிலத்தில் ஓடிக்கொண்டிருக்கையில் அப்பள்ளத்திற் சிக்கிக் கவிழ்ந்தது.

பார்வையாளர் கூட்டம்

அக்காலத்தில் விமானத் தளம் என்பது வேலியிடப்பட்ட இடமன்று. அது பெரும்பாலும் படையினரின் பயிற்சி வெளியாகவோ குதிரைப் பந்தயத் திடலாகவோ இருந்தது. பறக்கும் விந்தையைக் காண வந்தோர் விமானத்தின் பக்கத்திலேயே நிற்க விரும்பினர். அதனால் விளைந்த பெருங்கேடு 1911ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் திகதி பாரிசு நகரின் எல்லையிலுள்ள இஸி லெ முலினோ வெளியிலே நிகழ்ந்தது.

அன்று பாரிசிலிருந்து ஸ்பானியாவின் தலைநகராகிய மட்ரிட் வரையுமான விமானப் பந்தயம் தொடங்கியது. விடியற்காலையிலேயே பெருந்திரளான மக்கள் கூடிவிட்டனர். பிரெஞ்சு முதலமைச்சர் மொனிஸ் அவர்களும், போர் அமைச்சர் மொறிஸ் பேர்ற்றோ அவர்களும் வந்திருந்தனர். கூட்டத்தை விலக்கும் பொருட்டுக் குதிரைப் படையினர் ஒரு பிரிவினர் வெளியைக் குறுக்கே கடந்து சென்றனர். அவ்வேளையில், கிளம்பிச் சென்ற திரேன் என்னும் போட்டியாளர் தம் எஞ்சின் சரியாக ஓடாமையால் மீண்டும் இறங்க முயன்றார். எதிரே குதிரைப் படையைக் கண்டு, அவர்களைத் தவிர்ப்பதற்காக விமானத்தைச் சிறிது மேலே இழுத்தார். வேகம் குறைந்த விமானம் அப்பால் நின்ற அமைச்சர் குழுவின் மீது வீழ்ந்தது. பேர்ற்றோ அவ்விடத்திலேயே இறந்தார். முதலமைச்சர் கால் முறிந்து படுகாயமுற்றார். விமானியும் அவருடன் சென்றவரும் உயிர் தப்பினர்.

இங்கே விமானியின் அறியாமை காரணமன்று. குதிரைப் படையினர் தம் கடமையையே செய்தனர். அமைச்சர்களும் விலக்கப்படாத இடத்திலேயே நின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் அளவில் நெறிப்படியே ஒழுகினர் எனினும், ஒருவர் எங்கே நிற்கின்றார் என்பதை மற்றவருக்கு அறிவிக்கும் ஏற்பாடு எதுவும் அவ்வெளியில் இருக்கவில்லை. பந்தயம் மறுநாள் தொடர்ந்து நடைபெற்றது. ஆயினும் பார்வையாளரும் விமானமும் ஒரே நிலத்திற் கலந்து நிற்றல் ஆகாது என்னும் பாடத்தை ஓர் அமைச்சரின் மரணம் உலகிற்குக் கற்பித்தது.

கையாற் சுழற்றிய காலம்

தொடக்ககால விமானங்களில் எஞ்சினை முடுக்குவதற்குத் தனிப்பொறி இல்லை. விமானத்தின் முன்னே ஒருவர் நின்று, சுழல்விசிறியின் அலகைக் கையாற் பற்றி, பலமாகக் கீழ்நோக்கி இழுத்துவிட்டு உடனே பின்வாங்க வேண்டும். எஞ்சின் உயிர்பெற்ற கணத்தில் அவ்வலகு வாளாகிவிடும். தரை ஈரமாயிருந்து கால் வழுக்கினாலும், தளர்ந்த உடையின் ஓரம் சிக்கினாலும், எதிர்பாராத நேரத்தில் எஞ்சின் பற்றிக்கொண்டாலும் அவருக்குத் தப்பும் வழி அரிது.

இவ்வபாயத்தின் உட்காரணம் மக்னீற்றோ எனப்படும் கருவியின் இயல்பிலே தங்கியுள்ளது. மோட்டார் வண்டியின் தீப்பொறி மின்கலத்திலிருந்து வருவது. விமான எஞ்சினிலோ, காந்தத்தைக் கொண்டு தானே மின்னை ஆக்கும் மக்னீற்றோவே தீப்பொறியைத் தருகின்றது. மின்கலம் செத்துப்போனாலும் வானத்தில் எஞ்சின் நின்றுவிடாதிருத்தற் பொருட்டே இவ்வாறு அமைத்தனர். சிறு விமானங்களின் எஞ்சின்களிற் பெரும்பாலும் இரண்டு மக்னீற்றோக்கள் உள்ளன. ஒன்று பழுதுற்றால் மற்றது காக்கும். வானத்திற் காவலாயிருக்கும் இவ்வேற்பாடே தரையில் அபாயமாகின்றது.

வீட்டு விளக்கின் ஆளியை மூடினால் மின்சுற்று அறுபடுகின்றது, விளக்கு அணைகின்றது. மக்னீற்றோவின் ஆளி இதற்கு மாறானது. அதனை நிறுத்தநிலையில் வைக்கும்போது ஒரு கம்பியின் வழியாக மக்னீற்றோவின் மின் உலோக உடலுக்குச் செலுத்தப்பட்டு வீணாக்கப்படுகின்றது. ஆகவே அக்கம்பி எங்கேனும் அறுந்துவிட்டால், ஆளி "நிறுத்தம்" என்று காட்டினும் மக்னீற்றோ உயிருடனேயே இருக்கும். திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாலும் பயனில்லை. சூடாயிருக்கும் எஞ்சினின் உருளையிற் சிறிது எரிபொருள் எஞ்சியிருக்குமாயின், யாரேனும் சுழல்விசிறியைச் சற்றே திருப்பியவுடன் அது பற்றிக்கொள்ளலாம். நின்றுபோன விமானத்தின் சுழல்விசிறியையும் ஓடிக்கொண்டிருப்பது போலவே கருத வேண்டும் என விமானப் பயிற்சியாளர் இன்றும் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

இத்தகைய பொறியை இருவர் சேர்ந்து இயக்கும்போது, உள்ளே இருப்பவர் ஆளியை எந்நிலையில் வைத்திருக்கின்றார் என்பதை வெளியே நிற்பவர் கண்ணாற் காண இயலாது. அவர் உயிர் மற்றவரின் ஒரு சொல்லிலே தங்கியிருந்தது. ஆதலாற் பிரித்தானிய விமானத் தளங்களில் ஒரு சொல்லாடல் முறை வழக்கிற்கு வந்தது. வெளியே நிற்பவர் முதலில் "ஆளி நிறுத்தம்" என்று உரத்துக் கூறுவார். உள்ளே இருப்பவர் ஆளியைப் பார்த்து, "ஆளி நிறுத்தம்" என்று அதே சொற்களைத் திருப்பிச் சொல்வார். அடுத்துப் பெற்றோல் வழி திறக்கப்படும். வெளியே நிற்பவர் சுழல்விசிறியைச் சிலமுறை மெல்லத் திருப்பி, எரிபொருள் உருளைகளுக்குட் செல்லுமாறு செய்வார். இறுதியாக அவர் "தொடுப்பு" என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லைக் கூறுவார். அச்சொல்லை மற்றவர் திருப்பிக் கூறி ஆளியைத் திறந்த பின்னரே அலகு இழுக்கப்படும்.

கூறியது கூறலைத் தமிழிலக்கண நூலார் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்தனர். நூல் யாத்தலில் அது குற்றமே. விமானத் தளத்திலோ கூறியதை மீளக் கூறாமையே குற்றமாயிற்று. ஏனெனில், ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டார் என்பதற்கும், சரியாகவே கேட்டார் என்பதற்கும் வேறு சான்று அங்கு இல்லை.

கைச்சுழற்றலை ஒழிக்கும் முயற்சிகளும் விரைவில் தோன்றின. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பென்ற்பீல்ட் ஹக்ஸ் என்னும் ஆங்கில விமானி ஒரு சாதனத்தை வகுத்தார். போட் மோட்டார் வண்டியொன்றின் மீது நீண்ட தண்டொன்றைப் பொருத்தி, அதனைச் சுழல்விசிறியின் நடுவிலே மாட்டி, வண்டியின் எஞ்சினாலேயே விமான எஞ்சினைச் சுழற்றுவது அதன் முறையாகும். பிரித்தானிய வான்படை அதனைப் பெரிதும் பயன்படுத்தியது. ஆயினும் அது படைத் தளங்களுக்கே ஏற்றது. ஒற்றை விமானம் வைத்திருக்கும் தனியாருக்கு அத்தகைய வண்டி கிடைப்பது எங்ஙனம்?

கழகங்களின் எழுச்சி

1925ஆம் ஆண்டு டி ஹவிலண்ட் நிறுவனத்தின் மொத் என்னும் சிறு விமானம் முதன்முதலிற் பறந்தது. அதே ஆண்டில் பிரித்தானிய அரசாங்கம் விமானக் கழகங்களுக்கு உதவிப்பணம் வழங்கத் தொடங்கியது. வழக்கறிஞரும் வணிகரும் ஆசிரியரும் விமானம் ஓட்டப் பழகும் காலம் பிறந்தது. இவ்வியக்கம் ஆசியாவிற்கும் பரவியது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி இலங்கையின் இரத்மலானைத் தளத்தில் முதலில் வந்திறங்கிய விமானமும் இத்தகையதே. சென்னை விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஓட்டிவந்த பஸ் மொத் வகைச் சிறு விமானம் அது.

பயிற்சிக்கெனப் பெயர்பெற்ற ரைகர் மொத் 1931இல் வெளிவந்தது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. அதன் தொடக்க அமைப்பில் முடுக்கும் பொறியும் இல்லை. சில்லுகளுக்குப் பிறேக்கும் இல்லை. சில்லுகளின் முன்னே மரக்கட்டைகளை வைத்தே அதனை நிறுத்தி வைத்தனர். அமெரிக்காவில் 1938 தொடக்கம் 1947 வரை ஏறக்குறைய 20,000 அளவிற் செய்யப்பட்ட பைப்பர் கப் விமானமும் கையாற் சுழற்றி முடுக்கப்பட்டதே.

இருவர் இருந்து செய்ய வேண்டிய வேலையை ஒருவரே செய்யத் துணிந்தபோது புதுவகை விபத்தொன்று தோன்றியது. விமானி தனியே வெளியிலிருந்து சுழல்விசிறியை இழுப்பார். எஞ்சின் எதிர்பார்த்ததிலும் விரைவாக ஓடத் தொடங்கும். கட்டை நழுவினாலோ பிறேக்கு பிடியாவிட்டாலோ, ஆளில்லா விமானம் அவரை விட்டு ஓடிவிடும்.

பாகனின்றிச் செல்லும் வானூர்தியைப் பண்டைப் புலவர் கற்பனையிலே கண்டனர். அவுஸ்திரேலியாவின் சிட்னி நகர மக்கள் அதனை 1955ஆம் ஆண்டு ஓகஸ்ற் 30ஆந் திகதி கண்ணாரக் கண்டனர். பாங்ஸ்ரவுண் தளத்தில் ஓஸ்ரர் வகைச் சிறு விமானமொன்றின் எஞ்சின் தரையில் நின்றுவிட்டது. அதனை ஓட்டியவர் இறங்கிச் சுழல்விசிறியைக் கையாற் சுழற்றினார். எஞ்சின் பற்றிக்கொண்டது, விமானமும் அவரின்றியே ஓடிக் கிளம்பிவிட்டது. மணிக்கணக்காக அது நகரின் மீது வட்டமிட்டது. எங்கே வீழுமோ என்று எவரும் கூற முடியாத நிலையில், வான்படை விமானங்களும் கடற்படை விமானங்களும் அதனைத் துரத்திச் சென்றன. இறுதியிற் கடலின் மேலே சென்ற அதனைக் கடற்படையின் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தின. எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லாமையால் அது நகைச்சுவைக் கதைபோலச் சொல்லப்பட்டு வருகின்றது. ஆயினும் பெருநகரொன்றின் மக்கள் உயிர் அன்று காற்றின் திசையிலே தங்கியிருந்தது என்பதை மறத்தல் ஆகாது. உள்ளே பயிற்சியுள்ள ஒருவர் இருந்திருப்பின், அல்லது விமானத்தின் வால் உறுதியான ஒரு முளையிற் கட்டப்பட்டிருப்பின், அது நேர்ந்திராது. இன்றும் கையாற் சுழற்றுவோருக்கு விதிக்கப்படும் ஒழுங்குகள் இவை இரண்டுமே.

முடுக்கியும் மௌனமும்

மோட்டார் வண்டிகளில் மின் முடுக்கி 1912இலேயே கடிலாக் வண்டியின் மூலம் புகுந்துவிட்டது. சிறு விமானங்களிலோ அது இரண்டாம் உலகப் போரின் பின்னரே பொதுவழக்காயிற்று. மின்கலமும் முடுக்கியும் விமானத்தின் பாரத்தையும் விலையையும் கூட்டுவன; கைச்சுழற்றலுக்கோ செலவில்லை. 1956இல் விற்பனைக்கு வந்து, உலகில் மிகுந்த எண்ணிக்கையிற் செய்யப்பட்ட விமானம் என்னும் பெயரைப் பெற்ற செஸ்னா 172 போன்றவற்றில், உள்ளே இருந்தவாறே எஞ்சினை முடுக்கலாம். சுழல்விசிறியின் முன்னே ஒருவர் நிற்க வேண்டிய தேவை நீங்கியது. அதனாற் பலர் உயிர் தப்பினர் என்பதில் ஐயமில்லை.

எனினும், முன்னே நின்ற அந்த இரண்டாம் மனிதர் மறைந்தபோது, அவரோடு நிகழ்ந்த சொல்லாடலும் மறைந்தது. விமானி தனிமையில் இருந்து பொறியை இயக்கினார். அருகில் வருவோர் யார் என்பதை அவருக்கு எடுத்துரைப்பார் இல்லை. வருவோருக்கும் எஞ்சின் ஓடப் போகின்றது என்று எச்சரிப்பார் இல்லை. ஆகவே காயமுற்றோர் வகையும் மாறியது. முன்பு அபாயத்தை நன்கு அறிந்த தொழிலாளரும் விமானிகளும் காயமுற்றனர். பின்போ, அபாயத்தைச் சிறிதும் அறியாத பிரயாணிகளும் நண்பர்களும் உறவினரும் சுழலும் விசிறியை நோக்கி நடந்து சென்றனர்.

கண்ணுள்ளோர் அதனைக் காணாது செல்வது எவ்வாறு என்னும் வினா எழும். இரண்டு அலகுடைய சுழல்விசிறி நிமிடத்திற்கு 900 முறை சுழலுமாயின், ஓரிடத்தை ஒரு விநாடியில் 30 முறை அலகு கடந்து செல்லும். திரைப்படத்தில் விநாடிக்கு 24 படங்கள் ஓடும்போதே கண் அவற்றைத் தனித்தனியே பிரித்தறிவதில்லை. ஆதலின் ஓடும் எஞ்சினின் முன்னே மெல்லிய நிழல் போன்ற ஒரு வட்டமே தோன்றும். மங்கலான ஒளியில் அதுவும் தோன்றாது. ஆறேகால் அடி விட்டமுடைய விசிறியின் அலகுநுனி இவ்வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 295 அடி செல்கின்றது. எஞ்சின் "சும்மா" ஓடுகின்றது என்று சொல்லப்படும் நிலையிலேயே இவ்வளவு வேகம் உளது. எஞ்சினின் ஓசை எங்கும் நிறைந்திருப்பதால், காது அபாயத்தின் திசையையும் உணர்த்துவதில்லை.

அலகின் நுனிகளுக்கு வெள்ளை, மஞ்சள், சிவப்பு முதலிய நிறங்களைத் தீட்டுதல் இதற்கு ஒரு பரிகாரமாகக் கொள்ளப்பட்டது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இதனைப் பரிந்துரைத்ததோடு, ஆட்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சினை முற்றாக நிறுத்திவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. இரண்டாவது முறையே முற்றுமுழுதான பரிகாரம். சில நிமிட நேரத்தை மிச்சம் பிடிக்கும் பொருட்டு எஞ்சினை ஓடவிட்டு ஒருவரை இறக்கிவிடும் வழக்கமே பல குடும்பங்களைத் துயரில் ஆழ்த்தியது.

ஓடுபாதையிற் சொற்பிழை

விமான நிலையங்கள் பெருகி, சிறியனவும் பெரியனவும் ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, இருவருக்கிடையே நிகழ்ந்த பழைய சொல்லாடல் வானொலிக்கு மாறியது. விமானியும் கட்டுப்பாட்டாளரும் ஒருவரையொருவர் காணாது, குரல் ஒன்றையே நம்பலாயினர். 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி தெனெரீப் தீவின் ஓடுபாதையில் இரு பெரும் விமானங்கள் மூடுபனியில் மோதி 583 பேர் இறந்தனர். அதன் பின்னர், புறப்படுதலைக் குறிக்கும் சொல்லைப் புறப்பட அனுமதி வழங்கும்போதன்றி வேறிடத்திற் கையாளலாகாது என்னும் ஒழுங்கு வகுக்கப்பட்டது. மோதியவை பெரும் விமானங்களே எனினும், அப்பாடம் சிறு விமானங்களுக்கும் உரியது என்பதைப் பின்வந்த இரு நிகழ்ச்சிகள் காட்டின.

1996ஆம் ஆண்டு நவம்பர் 19ஆந் திகதி மாலை, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள குயின்சி நிலையத்தில் அவற்றுள் முதலாவது நிகழ்ந்தது. அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. விமானிகள் தமக்குட் பேசி ஒழுங்கு செய்துகொள்வதே வழக்கம். 12 பேருடன் இறங்க வந்த சிறு பிரயாண விமானத்தின் விமானி, குறுக்கே செல்லும் மற்றோர் ஓடுபாதையின் முனையில் நின்ற கிங் எயர் விமானத்தை நோக்கி, "புறப்படுகின்றீரா, நிற்கின்றீரா?" என வினவினார். கிங் எயர் விடை கூறவில்லை. அதன் பின்னே நின்ற செரோக்கி என்னும் இன்னொரு சிறு விமானத்தின் விமானி, தாம் நிற்பதாகக் கூறினார். அவ்விடையின் ஒரு பகுதி, இறங்கும் விமானத்தினுள் எழுந்த எச்சரிக்கை ஒலியால் மறைந்தது. நிற்பதாகச் சொன்னவர் கிங் எயர் விமானியே என்று இறங்குவோர் கருதினர். கிங் எயரோ ஓடத் தொடங்கியது. ஓடுபாதைகள் வெட்டும் இடத்தில் இரண்டும் மோதித் தீப்பற்றின. இரண்டிலும் இருந்த 14 பேரும் இறந்தனர். மோதலிலே தப்பியோர் இருந்தும் கதவைத் திறக்க இயலவில்லை. தீயணைப்புப் படையும் நிலையத்தில் இருக்கவில்லை. வானொலியைக் கவனியாமையும் சுற்றும் நோக்காமையுமாகிய கிங் எயர் விமானிகளின் தவறே முதற் காரணம் என விசாரணை முடிவு கூறியது. இடையறுந்த அவ்விடையையும் துணைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது. குன்றக் கூறல் என்னும் குற்றம் ஏட்டில் நிகழின் வாசகர் மயங்குவர். ஓடுபாதையில் நிகழின் உயிர்கள் மாயும்.

இரண்டாவது நிகழ்ச்சி 2001ஆம் ஆண்டு ஒக்ரோபர் 8ஆந் திகதி காலை இத்தாலியின் மிலான் நகரத்து லினாற்றே விமான நிலையத்தில் நேர்ந்தது. மூடுபனி அடர்ந்திருந்தது. நால்வருடன் புறப்பட இருந்த செஸ்னா வகைத் தனியார் விமானத்தை ஐந்தாம் இலக்க வழியால் ஊர்ந்து செல்லுமாறு கட்டுப்பாட்டாளர் பணித்தார். விமானி அதனைச் சரியாகவே திருப்பிக் கூறினார். ஆயினும் சென்றதோ ஆறாம் இலக்க வழியில். அவ்வழி ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிச் செல்வது. நிலத்தின் மீது தீட்டப்பட்ட குறிகள் தேய்ந்திருந்தன. இடையில் விமானி தாம் கண்ட ஒரு குறியின் பெயரைக் கூறித் தம் நிலையைத் தெரிவித்தார். அக்குறி கட்டுப்பாட்டாளரிடமிருந்த படத்தில் இல்லாமையால் அதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை. நிலத்திலுள்ள விமானங்களைக் காட்டும் றேடார்க் கருவியும் அந்நாளில் இயங்கவில்லை. 110 பேருடன் கொப்பன்ஹேகன் நகருக்குப் புறப்பட்டு முழு வேகத்தில் ஓடிய பெரிய விமானம் செஸ்னாவை மோதியது. பின்னர் பிரயாணப் பொதிகள் வைக்கும் கட்டடத்தில் மோதி எரிந்தது. அக்கட்டடத்திற் பணிபுரிந்த நால்வர் உட்பட 118 பேர் உயிரிழந்தனர்.

லினாற்றே நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கற்பாலது. குயின்சியிற் சொல் குறைந்தது. லினாற்றேயில் வழியின் இலக்கம் கூறப்பட்டது. அது மீளவும் கூறப்பட்டது. மீளக் கூறலும் போதாதாயிற்று. ஏனெனில், சொல் சரியாயிருந்தும் சொல்லுக்கும் நிலத்துக்கும் பொருத்தம் அறுந்துவிட்டது. மக்னீற்றோவின் கம்பி அறுந்தபோது ஆளி "நிறுத்தம்" என்று காட்டியும் பொறி உயிருடன் இருந்தது போல, இங்கே "ஐந்து" என்ற சொல் ஒலித்தும் விமானம் ஆறில் ஊர்ந்தது. கண்ட குறியின் பெயரை விமானி சொன்னபோது அப்பிழை திருந்துதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. கேட்டவருக்கு விளங்காத அச்சொல், "நீர் எங்கே நிற்கின்றீர்?" என்ற வினாவை எழுப்பாமலே கடந்து போயிற்று.

முடிவுரை

நூறாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. தரையில் நேர்ந்த விபத்துக்களிற் பல, பொறியின் குறையைக் காட்டிலும் பொறியைப் பற்றிய நம்பிக்கையின் குறையால் நேர்ந்தவை என்பது ஒன்று. நின்றதென்று நம்பிய விமானம் உருண்டது. அணைந்ததென்று நம்பிய ஆளி உயிருடன் இருந்தது. நிற்பதாக நம்பிய விமானம் ஓடிவந்தது. பொறிகள் திருந்துந்தோறும் ஒருவகை விபத்து நீங்குகின்றது, ஆனால் மனிதர் தம்முள் பேசிக்கொள்ளும் ஒழுங்கு அத்திருத்தத்தோடு சேர்ந்து வளராவிடின் வேறொரு வகை தோன்றுகின்றது என்பது மற்றொன்று. கைச்சுழற்றல் ஒழிந்ததும் பிரயாணிகள் சுழல்விசிறியை நோக்கி நடந்த வரலாறு இதற்குச் சான்றாகும்.

சில்லின் முன் வைக்கும் மரக்கட்டை, வாலைக் கட்டும் கயிறு, அலகின் நுனியில் தீட்டிய நிறம், மீளக் கூறும் ஒரு சொல் என்பன விலை மிகுந்தவை அல்ல. இவற்றுட் பலவற்றின் பின்னே உயிரிழந்தோரும் ஊனமுற்றோரும் உளர். அவ்விலையை மீண்டும் ஒருமுறை செலுத்தாதிருத்தல் வேண்டுமாயின், விமானத்தை அணுகும் ஒவ்வொருவரும் அது நின்றுவிட்டதா என்பதைத் தாமே உறுதிசெய்துகொள்ளல் வேண்டும். விளங்காத சொல்லைக் கேட்டவிடத்து மௌனமாயிராது மீண்டும் வினவுதல் வேண்டும். இறங்கிவிட்டோம் என்று விமானி ஆறுதலடையும் வேளையிலும் அவர் கடமை முடிந்துவிடுவதில்லை. எஞ்சின் நின்று, ஆளி சோதிக்கப்பட்டு, சில்லுக்குக் கட்டை வைக்கப்பட்டு, வந்தவர் யாவரும் விலகிச் சென்ற பின்னரே ஒரு பறத்தல் நிறைவெய்துகின்றது.